மூன்றாவது சமன்பாடு புதிதாக என்ன சொல்கிறது?

ய + ர = 10
ய − ர = 4

இதைப் பார்த்ததும் பழகிய கை தானாகவே இரண்டையும் கூட்டிவிடும். 2ய = 14, ய = 7, ர = 3. அரை நிமிட வேலை. ஆனால் யாருக்காவது இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதெல்லாம் நான் அந்த அரை நிமிடத்துக்கு நடுவில் நிறுத்தி ஒன்று கேட்பேன். இரண்டு சமன்பாடுகளைக் கூட்டலாம் என்று எப்படித் தெரியும்? கூட்டினால் ஏன் சரியான விடை வருகிறது?

"ர போய்விடும், அதனால் கூட்டுகிறோம்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். எதற்காகக் கூட்டுகிறோம் என்பதை அது சொல்கிறது. ஏன் கூட்டலாம் என்பதைச் சொல்லவில்லை. இந்த இரண்டாவது கேள்வியில்தான் நேரிய சமன்பாட்டுத் தொகுப்புகளின் உயிரே இருக்கிறது என்று நம்புகிறேன். அதைத் தாண்டிப் போய்விட்டால் மிச்சம் எல்லாம் வெறும் கைப்பழக்கமாகிவிடும்.

ய, ர என்பவை நமக்குத் தெரியாத எண்கள். தெரியாவிட்டாலும் அவற்றைப் பற்றிச் சில செய்திகள் நம்மிடம் இருக்கின்றன. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு செய்தி. "இரண்டின் கூட்டல் 10" என்பது ஒன்று. "இரண்டின் வித்தியாசம் 4" என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையானால், சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டிக் கிடைத்த 2ய = 14 என்பதும் உண்மையாகத்தான் இருக்கும். இதுவரை சரி. ஆனால் இந்தப் புதிய செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பழைய இரண்டையும் தூக்கிப்போட்டால் என்ன ஆகும்? ர-வைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. ஏதோ ஒன்று தொலைந்துவிட்டது.

அதனால் முதல் சமன்பாட்டை வைத்துக்கொள்கிறோம். ய + ர = 10, 2ய = 14 என்ற ஜோடி இப்போது நம்மிடம் இருக்கிறது. இந்த ஜோடியிலிருந்து பழைய ஜோடிக்குத் திரும்பிப் போக முடியுமா? முடியும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ய − ர = 4 வந்துவிடுகிறது. போன வழியே திரும்பி வர முடிவதால், பழைய ஜோடிக்கு எது விடையோ அதுதான் புதிய ஜோடிக்கும் விடை. கூடுதலாக ஒரு விடை உள்ளே நுழையவும் இல்லை, ஒன்று வெளியே நழுவவும் இல்லை. கேள்வியை மாற்றினோம், விடை அப்படியே இருக்கிறது.

எல்லாச் செயலுக்கும் இந்தக் குணம் கிடையாது. ய = 3 என்ற செய்தியை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ய² = 9. உண்மைதான், ஆனால் அதற்கு −3 என்பதும் விடை. திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிட்டது. அதேபோல ஒரு சமன்பாட்டைப் பூச்சியத்தால் பெருக்கினால் 0 = 0 என்று வரும். அதுவும் உண்மைதான், ஆனால் ஒன்றுமே சொல்லாத உண்மை. அதனால்தான் இப்படி ஒவ்வொரு மாறியாக நீக்கித் தீர்க்கும் நீக்கல் முறையில் மூன்றே மூன்று செயல்களுக்கு அனுமதி: சமன்பாடுகளின் இடத்தை மாற்றலாம், ஒன்றைப் பூச்சியம் அல்லாத எண்ணால் பெருக்கலாம், ஒன்றின் மடங்கை இன்னொன்றோடு கூட்டலாம். மூன்றையும் செய்ததைப்போலவே பின்னோக்கிச் செய்து அழித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் இந்த மூன்றும் விதிகளாக வரும். எனக்கு அவை விதிகளாகத் தெரியவில்லை. செய்தி எதையும் தொலைக்காமல் கேள்வியை மாற்றுவதற்கு இருக்கும் வழிகளாகத்தான் தெரிகின்றன.

வரைபடத்தில் இது இன்னும் அழகு. ய + ர = 10 ஒரு நேர்க்கோடு, ய − ர = 4 இன்னொரு நேர்க்கோடு. இரண்டும் (7, 3) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. ஒன்றின் ஏதோ ஒரு மடங்கை மற்றதோடு கூட்டினால் கிடைக்கும் புதிய கோடும் அதே புள்ளி வழியாகத்தான் போகும். மடங்கை மாற்ற மாற்ற, அந்தக் கோடு வெட்டுப்புள்ளியை அச்சாக வைத்துச் சுழலும். நீக்கல் முறையில் நாம் செய்வது, கோடு நேராக நிமிர்ந்து நிற்கும்வரை அதைச் சுழற்றுவது. நிமிர்ந்ததும் அது ய = 7 ஆகிவிடுகிறது. படுக்கவைத்தால் ர = 3. வரைபட முறையையும் நீக்கல் முறையையும் தனித்தனிப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஒருமுறையாவது இதை வரைந்து காட்ட வேண்டும்.

பிரதியிடல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிரதியிடல் என்பது வேறு உடையில் வரும் நீக்கல்தான். குறுக்குப் பெருக்கல் இரண்டு மாறிகளுக்கு வசதியான சூத்திரம், அதற்கு மேல் அதை இழுத்துக்கொண்டு போவது வீண் சிரமம்.

நீக்கல் முறை எவ்வளவு பழையது என்று தெரிந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்துப்போனது. சீனாவில் ஹான் பேரரசுக் காலத்தில் உருப்பெற்ற 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூலில் எட்டாவது அத்தியாயம் முழுவதும் இதுதான். 18 கணக்குகள். கி.பி. 263-இல் லியூ ஹுய் என்ற அறிஞர் இந்த நூலுக்கு விரிவான உரை எழுதினார். முதல் கணக்கு, மூன்று தரங்களைச் சேர்ந்த கதிர்க்கட்டுகளில் எவ்வளவு தானியம் இருக்கும் என்று கேட்கிறது. நம் வழக்கப்படி எழுதினால் இப்படி வரும்:

3ய + 2ர + ல = 39
2ய + 3ர + ல = 34
ய + 2ர + 3ல = 26

அவர்கள் இதைக் குச்சிகளால் ஒரு பலகையில் அடுக்கினார்கள். ஒவ்வொரு சமன்பாடும் ஒரு செங்குத்து வரிசை. மாறிகளுக்குப் பெயரே இல்லை, இடம்தான் பெயர். மேலே இருப்பது முதல் தரம், அதற்குக் கீழே இரண்டாம் தரம், இப்படி. இன்று நாம் எண்களை வரிசை வரிசையாக அடுக்கி அணி என்று எழுதுவதைத்தான் அவர்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் குச்சியில் வைத்திருந்தார்கள்.

வழிமுறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். இரண்டாவது சமன்பாட்டை 3-ஆல் பெருக்கு: 6ய + 9ர + 3ல = 102. அதிலிருந்து முதல் சமன்பாட்டை இரண்டு முறை கழி: 5ர + ல = 24. மூன்றாவதையும் 3-ஆல் பெருக்கி முதலாவதை ஒருமுறை கழித்தால் 4ர + 8ல = 39. இப்போது இந்த இரண்டுக்கும் அதே வேலை. பின்னதை 5-ஆல் பெருக்கி, முன்னதை நான்கு முறை கழித்தால் 36ல = 99. ஆக ல = 2¾. அங்கிருந்து மேலே ஏறினால் 5ர = 21¼, எனவே ர = 4¼. கடைசியில் ய = 9¼.

இதில் என்னை எப்போதும் நிறுத்திப் பார்க்க வைக்கும் விஷயம், கடைசி வகுத்தல்வரை பின்னமே தலைகாட்டவில்லை என்பது. முதல் படியிலேயே 3-ஆல் வகுத்து ய-வைத் தனிமைப்படுத்தியிருந்தால் தாள் முழுக்கப் பின்னங்கள் நிறைந்திருக்கும். குச்சி வைத்து எண்ணுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. எனவே பெருக்கிக்கொண்டே போய், வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். கையால் போடுகிறவர்களுக்கு இன்றும் இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

கழித்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க வேண்டிவரும். அப்போது என்ன செய்வது? அதே அத்தியாயத்தில்தான் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் வருகின்றன. மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கருப்புக் குச்சி என்று லியூ ஹுய் எழுதுகிறார். கேள்வியில் இருக்கும் எண்கள் எல்லாம் மிகையாக இருந்தாலும், விடையும் மிகையாக இருந்தாலும், நடுவழியில் குறை எண்கள் வந்தே தீரும். அவற்றை ஏற்றுக்கொள்ளாதவரை இந்த வழியில் நடக்க முடியாது. குறை எண் கணிதத்துக்குள் வந்ததற்குக் கடன், நஷ்டம் என்றுதான் காரணம் சொல்வார்கள். நீக்கல் முறையும் அதற்கு ஒரு வலுவான காரணம் என்பேன்.

இந்தியக் கணிதத்தில் வேறு ஒரு வழி வந்தது. இடத்துக்குப் பதில் நிறம். 1150-ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் பாஸ்கரர் முதல் மாறியை யாவத்தாவத் என்கிறார். அடுத்தடுத்த மாறிகளுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயர்கள். எழுதும்போது யா, கா, நீ என்று முதல் எழுத்து மட்டும். நான் இங்கே ய என்று தொடங்கியது அவரை நினைத்துத்தான். அவருக்கும் முன்பே, 9-ஆம் நூற்றாண்டில், மகாவீரர் என்ற கணித அறிஞர் தம் கணித சார சங்கிரகத்தில் ஓர் அழகான கணக்கைத் தருகிறார். 9ய + 7ர = 107, 7ய + 9ர = 101. கெழுக்கள் இடம் மாறி நிற்பதைக் கவனியுங்கள். கூட்டினால் 16-ஆல் வகுபடும், ய + ர = 13. கழித்தால் 2-ஆல் வகுபடும், ய − ர = 3. விடை 8, 5. கணக்கைத் தொடும் முன் அதன் முகத்தை ஒரு கணம் பார்க்கச் சொல்லும் கணக்கு இது.

இந்த முறையைக் காஸ் நீக்கல் முறை என்கிறார்களே, அந்த ஜெர்மன் கணித அறிஞரின் பெயர் எங்கே வருகிறது? காஸ் பிறந்தது 1777-இல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தமக்குத் தெரிந்த இயற்கணித நூல்களில் பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதற்கான பாடம் இல்லை என்று நியூட்டன் குறைப்பட்டு, அதைத் தாமே எழுதினார். 1707-இல் அச்சான அவருடைய பாடக் குறிப்புகள் வழியாகத்தான் ஐரோப்பியப் பாடநூல்களில் இந்த முறை பரவியது. காஸ் செய்தது, பெரிய தொகுப்புகளை ஒழுங்காகக் குறித்துக்கொண்டு வேகமாகத் தீர்க்கும் முறையை உருவாக்கியது. அதற்கு அவரைத் தூண்டிய பிரச்சினை வேறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

"மூன்று மாறிகள் இருந்தால் மூன்று சமன்பாடு வேண்டும்." எல்லோர் மனதிலும் பதிந்துபோன வாக்கியம் இது. பாதிதான் உண்மை. இதைப் பாருங்கள்:

ய + ர + ல = 6
2ய − ர + ல = 3
3ய + 2ல = 9

மூன்று மாறி, மூன்று சமன்பாடு. ஆனால் மூன்றாவது, முதல் இரண்டின் கூட்டலேதான். அது வாயைத் திறந்து பேசினாலும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நீக்கல் முறையில் போனால் ஓர் இடத்தில் 0 = 0 என்று வந்து நிற்கும். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து மாணவர்கள் அந்த வரியை அடித்துவிடுவார்கள். அடிக்க வேண்டாம். "நான் ஏற்கெனவே சொன்னதைத்தான் திரும்பச் சொன்னேன்" என்று அந்தச் சமன்பாடு ஒப்புக்கொள்ளும் இடம் அது. விடைகள் எண்ணற்றவை: (1, 2, 3) ஒன்று, (3, 3, 0) இன்னொன்று. இந்த இரண்டையும் இணைக்கும் நேர்க்கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் விடை.

கடைசி 9-ஐ 10 ஆக்கினால்? முதல் இரண்டும் சேர்ந்து 9 என்கின்றன, மூன்றாவது 10 என்கிறது. 0 = 1 வரும். விடை இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்குள் சண்டை இல்லை, எந்த ஜோடிக்கும் விடைகள் உண்டு. மூன்றும் சேரும்போதுதான் முரண்பாடு. முப்பரிமாண வெளியில் இவை மூன்று தளங்கள். இரண்டிரண்டாக வெட்டிக்கொள்கின்றன, ஆனால் அந்த மூன்று வெட்டுக்கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன, ஒரு முக்கோணப் பட்டகத்தின் மூன்று விளிம்புகளைப்போல. இரண்டு மாறிகளில் மட்டுமே பழகியவர்கள் "விடை இல்லை என்றால் இணைகோடு" என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே எந்த இரண்டு தளமும் இணை இல்லை.

ஆகவே சமன்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை. அவற்றில் புதுச் செய்தி சொல்பவை எத்தனை என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணுக்குத்தான் அணித்தரம் என்று பெயர். அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பூச்சியமல்லாத நிரைகளை, அதாவது கிடை வரிசைகளை, எண்ணு என்று வரையறை சொல்வார்கள். எண்ணத் தெரிந்தவர்கள் பலர். எதை எண்ணுகிறோம் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருவது என்றால், ஒவ்வொரு சமன்பாட்டிலிருந்தும் முந்தியவை ஏற்கெனவே சொன்ன பங்கைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பது. மிச்சம் எதுவும் இல்லாத நிரைதான் பூச்சிய நிரை.

சீன நூலின் அதே அத்தியாயத்தில் ஒரு கிணற்றுக் கணக்கு உண்டு. ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு கிணறு. முதல் குடும்பத்துக் கயிறு இரண்டும் அடுத்த குடும்பத்துக் கயிறு ஒன்றும் சேர்ந்தால் கிணற்றின் ஆழம். இரண்டாம் குடும்பத்துக் கயிறு மூன்றும் மூன்றாவதில் ஒன்றும் சேர்ந்தாலும் அதே ஆழம். இப்படியே 4, 5, 6 என்று போய்க் கடைசிக் குடும்பம் முதல் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளும். ஐந்து கயிறு, ஒரு ஆழம், ஆக ஆறு மாறிகள். சமன்பாடுகள் ஐந்துதான். நூல் தரும் விடை: ஆழம் 721, கயிறுகள் 265, 191, 148, 129, 76. வைத்துப் பாருங்கள், ஐந்தும் பொருந்தும். ஆனால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினாலும் பொருந்தும். இங்கே கிடைப்பது நீளங்கள் இல்லை, அவற்றுக்கிடையிலான விகிதம்தான் என்று லியூ ஹுய் தம் உரையிலேயே சுட்டிக்காட்டிவிட்டார். செய்தி போதவில்லை என்பதை அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் தெளிவாகப் பார்த்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சி.டி. ஸ்கேன். கதிர் உடலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்போது, வழியில் இருந்த திசுக்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு உறிஞ்சின என்ற மொத்தம்தான் அளக்கக் கிடைக்கும். ஒவ்வொரு கதிரும் ஒரு நேரிய சமன்பாடு. நான்கே கட்டங்கள் உள்ள ஒரு குட்டி உடலை எடுத்துக்கொள்வோம்: மேல் வரிசையில் ய, ர. கீழ் வரிசையில் ல, வ. கிடையாக இரண்டு கதிர், செங்குத்தாக இரண்டு கதிர் விடுகிறோம்.

ய + ர = 3
ல + வ = 7
ய + ல = 4
ர + வ = 6

நான்கு மாறி, நான்கு சமன்பாடு. தீர்ந்தது என்றுதான் தோன்றும். ஆனால் 1, 2, 3, 4 என்பதும் விடை, 2, 1, 2, 5 என்பதும் விடை. ஏன்? கிடைக்கதிர்கள் இரண்டின் மொத்தமும் செங்குத்துக் கதிர்கள் இரண்டின் மொத்தமும் ஒரே உடலின் மொத்தம்தானே! 3 + 7, 4 + 6 இரண்டும் 10. எனவே நான்கில் ஒன்று பழைய செய்தி. அதே திசைகளில் இன்னும் ஆயிரம் கதிர் விட்டாலும் நிலைமை மாறாது. மூலைவிட்டமாக ஒரே ஒரு கதிர் விட்டு ய + வ = 5 என்று தெரிந்ததும் எல்லாம் உடைந்து வருகிறது: மற்ற சமன்பாடுகளிலிருந்து வ = ய + 3, எனவே 2ய + 3 = 5, ய = 1. உண்மையான ஸ்கேன் கருவி ஏன் உடலைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதற்கு இந்த நான்கு கட்டமே போதும். 1971-இல் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டும், இதன் கணிதத்தை முன்பே தனியாக ஆராய்ந்திருந்த கார்மக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாறிகள் பெருகும்போது எந்த முறை தாங்கும் என்ற கேள்வி வருகிறது. 1750-இல் கிராமர் வெளியிட்ட விதி பார்க்க மிக அழகானது: ஒவ்வொரு மாறியும் இரண்டு அணிக்கோவைகளின் விகிதம். அணிக்கோவை என்பது கெழுக்களைப் பெருக்கிக் கூட்டிக் கழித்துப் பெறும் ஓர் எண். விடைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது என்று காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் 20 மாறிகளுக்கு அணிக்கோவைகளை வரையறைப்படி விரித்து எழுதினால், விநாடிக்கு நூறு கோடி பெருக்கல் செய்யும் கணினிக்கும் சுமார் 30,000 ஆண்டுகள் ஆகும். நீக்கல் முறையில் சுமார் 3,000 பெருக்கல்கள் போதும். ஒரே கேள்வி, ஒரே விடை, நடுவில் இவ்வளவு தூரம்! பொறுமையான ஒருவர் கையாலேயே முடித்துவிடக்கூடிய வேலை இது. கணினிகள் பிறந்த கதையிலும் இதற்கு இடம் உண்டு. 1939 முதல் 1942 வரை அட்டனசாஃபும் பெர்ரியும் கட்டிய மின்னணுக் கருவியின் நோக்கமே 29 நேரிய சமன்பாடுகள்வரை தீர்ப்பதுதான். இன்றும் உலகின் வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்களை 1993 முதல் வரிசைப்படுத்திவரும் பட்டியல், அவை ஒரு மாபெரும் நேரிய தொகுப்பை எவ்வளவு வேகமாகத் தீர்க்கின்றன என்பதை வைத்தே தயாராகிறது.

வேகம் மட்டும் போதாது. கணினி எண்களை ஓரளவு இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். அந்தச் சிறு வெட்டு என்ன செய்யும் என்று பாருங்கள்:

0.0001ய + ர = 1
ய + ர = 2

உண்மையான விடை இரண்டுமே ஏறக்குறைய 1. இப்போது மூன்று இலக்கங்கள் மட்டும் வைத்துக்கொண்டு நீக்கல் முறையைப் போடுவோம். முதலாவதை 10,000-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் −9999ர = −9998. மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் இரண்டு பக்கமும் −10,000. எனவே ர = 1. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் ய = 0. ய முழுக்கத் தவறு. இரண்டு சமன்பாடுகளின் இடத்தை மாற்றிவிட்டு அதே மூன்று இலக்கத்தில் செய்தால் ர = 1, ய = 1 என்று ஒழுங்காக வருகிறது. முதல் வழியில் நடந்தது இதுதான்: 10,000 என்ற பெரிய எண், இரண்டாவது சமன்பாடு சொன்ன 2 என்ற செய்தியை அடியோடு மூழ்கடித்துவிட்டது. இடமாற்றம் என்ற செயலை வெறும் வசதிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். நிரலில், அதாவது செங்குத்து வரிசையில், இருக்கும் மிகப் பெரிய கெழுவைத் தேடி மேலே கொண்டுவரும் இந்தப் பழக்கத்தைத்தான் பிவட் தேர்வு என்கிறார்கள்.

1940-களில் பெரிய கணித அறிஞர்களுக்கே இந்த முறைமீது சந்தேகம் இருந்தது. மாறிகள் அதிகமானால் பிழைகள் பெருகி விடையை விழுங்கிவிடும் என்று அஞ்சினார்கள். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 18 மாறிகள் கொண்ட ஒரு தொகுப்பு வந்து சேர்ந்தது. டூரிங், ஃபாக்ஸ், குட்வின், வில்கின்சன் நால்வரும் மேசைக் கணக்கிடும் கருவிகளை வைத்து அதைத் தீர்த்தார்கள். கிடைத்த விடையைச் சமன்பாடுகளில் திரும்ப வைத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிட மிக நன்றாகப் பொருந்தியது. டூரிங் 1948-இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். வில்கின்சன் பின்னாளில் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: கணினி தரும் விடை நாம் கேட்ட கேள்விக்குச் சற்றுப் பிசகிய விடையாக இருக்கலாம். ஆனால் அது நம் கேள்விக்கு மிக அருகிலிருக்கும் வேறொரு கேள்வியின் துல்லியமான விடை. எனவே கவலைப்பட வேண்டியது, பக்கத்துக் கேள்வியின் விடையும் பக்கத்தில்தான் இருக்குமா என்பதைப் பற்றி.

எப்போதும் இருக்காது.

ய + ர = 2
ய + 1.0001ர = 2.0001

விடை (1, 1). வலப்பக்கத்து 2.0001-ஐ 2.0002 ஆக்குங்கள். அளவீட்டில் கண்ணுக்கே தெரியாத மாற்றம். விடை (0, 2) ஆகிவிடுகிறது! இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. ஒன்றை மயிரிழை நகர்த்தினாலும் வெட்டுப்புள்ளி வெகுதூரம் ஓடிவிடும். செய்தி என்ற பார்வையில் சொன்னால், இரண்டாவது சமன்பாடு முதலாவதையே ஏறக்குறையத் திரும்பச் சொல்கிறது. அதில் புதிதாக இருப்பது நான்காவது தசம இடத்தில் ஒரு துளி. அந்தத் துளியை நம்பித்தான் முழு விடையும் தொங்குகிறது. அணித்தரம் 2 என்றுதான் கணக்கு சொல்லும். நடைமுறையில் அது ஒன்றேகால்கூடத் தேறாது.

அப்புறம், நேர் எதிரான நிலைமை. செய்திகள் தேவைக்கு மேல் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அளந்து எடுத்த எண்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கும். ய + ர = 3, ய − ர = 1, ய = 2.3. முதல் இரண்டும் ய = 2 என்கின்றன, மூன்றாவது மறுக்கிறது. விடை இல்லை என்று கைகழுவுவதா? லெஜாந்தர் 1805-இலும் காஸ் 1809-இலும் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை, மூன்றோடும் சமரசம் செய்துகொள்கிறது. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எது மிகக் குறைவோ அதை விடையாக எடுத்துக்கொள். இங்கே அது ய = 2.1, ர = 1. பிழைகள் 0.1, 0.1, 0.2. அவற்றின் வர்க்கங்களின் கூட்டல் 0.06. மூன்றாவதைப் புறக்கணித்து ய = 2 என்று வைத்திருந்தால் 0.09. இந்த விடையைக் கண்டுபிடிக்கவும் புதிதாக ஒரு நேரிய தொகுப்பைத்தான் தீர்க்க வேண்டும்: 3ய = 6.3, 2ர = 2. இங்கே அது தானாகவே பிரிந்து வந்துவிட்டது. காஸுக்கு அப்படிப் பிரிந்து வரவில்லை. பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணக்கிட்டபோது ஆறு மாறிகளோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நீக்கல் முறையை அவர் ஒழுங்குபடுத்தியது இந்த வேலைக்காகத்தான்.

கடைசியாக, விடையைச் சரிபார்ப்பது பற்றி. கிடைத்த எண்களைச் சமன்பாடுகளில் திரும்ப வைத்துப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் மேலே பார்த்த 1.0001 தொகுப்பில் (0, 2) என்ற தவறான விடையை வைத்துப் பாருங்கள். முதல் சமன்பாட்டில் மிகச் சரியாக 2. இரண்டாவதில் 2.0001-க்குப் பதில் 2.0002. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒன்று. இதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் விடை முழுதாக ஒன்று விலகி நிற்கிறது. இந்த இடத்தில் இன்னும் துல்லியமாக அளக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன் வேறு திசையிலிருந்து கொஞ்சம் கரடுமுரடாகவே ஒன்றை அளந்து பார்க்கலாம். ய − ர என்பதை நேராக அளந்து, 0 வர வேண்டிய இடத்தில் 0.01 என்று பிழையோடு வந்தால்கூட, ய + ர = 2-உடன் சேர்த்துத் தீர்த்தால் ய = 1.005, ர = 0.995. பிழை நூறு மடங்கு பெரியது, விடையோ உண்மைக்கு இருநூறு மடங்கு அருகில்.